எண்ணூர் நாட்குறிப்பு: காற்றும் ஓ.பி. சீட்டும்

மார்ச் 3

செப்பாக்கம் போயிருந்தேன். சாம்பல் குட்டையை ஒட்டிய ஊர். அனல்மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாக இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். ஈரம் இருக்கும்வரை சும்மா கிடக்கும். வெயில் ஏறி மேல்பக்கம் காய்ந்தால் போச்சு, காற்றோடு ஊருக்குள் வந்துவிடும்.

ஓர் அக்கா கொடியிலிருந்து புடவையை எடுத்து நன்றாக உதறிவிட்டுத்தான் மடித்தார். குடத்தை மூடியிருந்த வெள்ளைத் துணி சாம்பல் பூத்திருந்தது. "காலைலதான் மாத்தினேன்" என்றார். அவர் வீட்டில் பிள்ளைக்கும் மாமியாருக்கும் இழுப்பு.

மார்ச் 8

மகளிர் தினத்துக்கு ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சுற்றுச்சூழல் ஆர்வலர் என்று அறிமுகம் செய்து, பிளாஸ்டிக்கில் சுற்றிய பூங்கொத்து கொடுத்தார்கள். சரி, வாங்கிக்கொண்டேன்.

"எதிலிருந்து ஆரம்பிப்பது?" என்று ஒரு மாணவி கேட்டாள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் கதையைச் சொன்னேன். அங்கே ஆலைகளைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் 2004-இல் வாளியில் காற்றுப் பிடித்தார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு பை. வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று பைக்குள் புகும். பையை மூடி அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 நச்சு ரசாயனங்கள் இருந்தன. அதில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. 1990-களில் கலிஃபோர்னியாவில் எண்ணெய் ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்காக உருவான முறை அது.

ஆனால் வாளிக்கு முன்னால் நோட்டு வேண்டும். எந்த நேரம், என்ன நாற்றம், வீசியது வாடைக் காற்றா கச்சான் காற்றா, உடம்பு என்ன செய்தது. எங்கள் பெண்களின் நோட்டில் "அழுகின முட்டை", "நெயில் பாலிஷ்" என்றெல்லாம் இருக்கும். அழுகின முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கலாம். ரசாயனத்தின் பெயர் தெரியாவிட்டாலும் மூக்குக்குத் தெரிகிறது.

மார்ச் 14

செப்பாக்கத்து அக்காவின் மகனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். நெபுலைசர் வைத்ததும் மூச்சு சீரானது. சீட்டில் ஆஸ்துமா என்று எழுதினார் டாக்டர்.

"சாம்பலால வந்ததுன்னு எழுத முடியுமா டாக்டர்?"

"எப்படிம்மா எழுதறது? நாளைக்குக் கோர்ட்ல நிரூபிக்கச் சொன்னா யார் போறது?"

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு சீட்டுக்கு அவருக்குக் கிடைப்பதே இரண்டு நிமிடம். ஆனால் இப்படியே எல்லாச் சீட்டிலும் நோயின் பெயர் இருக்கும், காரணம் இருக்காது. மனு கொடுக்கப் போனால், "இங்கே பாதிப்பு என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்பார்கள். இழுத்து இழுத்து மூச்சு விடுகிறவர்தான் ஆதாரமும் கொண்டுவர வேண்டும்.

மார்ச் 15

ரோசமண்ட் அடூ-கிஸ்ஸி-டெப்ராவைப் பற்றி இன்று பெண்களிடம் சொன்னேன். லண்டனில் லூவிஷம் பகுதியில், வண்டிகள் ஓயாத சவுத் சர்குலர் சாலைக்குப் பக்கத்தில் வீடு. எல்லா என்ற மகளுக்குக் கடுமையான ஆஸ்துமா. 2013 பிப்ரவரியில் இறந்தபோது வயது ஒன்பது. 2014-இல் நடந்த மரண விசாரணையில் காற்று மாசு பற்றிப் பேச்சே இல்லை.

அம்மா விடவில்லை. பேராசிரியர் ஸ்டீபன் ஹோல்கேட், குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களையும் அந்தப் பகுதியின் காற்று அளவுகளையும் சேர்த்துப் பார்த்து அறிக்கை எழுதினார். உயர் நீதிமன்றம் பழைய முடிவை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் மறுவிசாரணை முடிந்தபோது, மரணத்துக்கான காரணங்களில் காற்று மாசும் ஏறியது. பிரிட்டனில் அப்படிப் பதிவானது அதுவே முதல் முறை.

கேட்டுக்கொண்டிருந்த ஆயா, "அங்க அளக்கிற மெஷின் பக்கத்துலயே இருந்திச்சா?" என்றார். அதுதான் விஷயம். அங்கே மெஷின் பக்கத்தில் இருந்தது, அதன் பழைய அளவுகளும் கைக்குக் கிடைத்தன. இங்கே மெஷின் வந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பிஎம் 2.5 எனும் நுண்துகளுக்கு நம் நாட்டு ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 5. வரம்புக்குள்தான் இருக்கிறது என்று அதிகாரி சொல்வது பொய்யாகவே இருக்காது, பிள்ளைக்கு மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும்.

மார்ச் 22

பெரியகுப்பத்தில் கூட்டம். பேச்சு 2023 டிசம்பர் 26 இரவுக்கே போய் நின்றது. சுனாமி நினைவு நாள் அன்று. கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, நள்ளிரவில் ஊரே எழுந்து ஓடியது.

பயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும் என்று நேராக விஷயத்துக்கு வந்தேன். அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும், அதனால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். காற்று போகிற திசையிலேயே ஓடாதீர்கள், குறுக்கே ஓடுங்கள். கண் எரிந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், தேய்க்கவே கூடாது. ஒருவர் கேட்டார்: "சைரன் அடிச்சாத்தானே அக்கா துணியை நனைக்கிறது?" சைரன் வேண்டும் என்பதையே மனுவில் முதல் கோரிக்கையாக எழுதினோம்.

மார்ச் 29

அதே டாக்டர். இந்த முறை கேள்வியை மாற்றினேன். "காரணம் எழுத வேண்டாம். நோயாளி சொன்னதை எழுதலாம் இல்லையா?" கொஞ்சம் யோசித்தார். "அவங்க சொன்னா எழுதலாம்" என்று, 'வீடு சாம்பல் குட்டை அருகில், தூசி பறக்கும் நாட்களில் இழுப்பு அதிகம்' என்று ஒரு வரி எழுதினார். மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே விட முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை ஊதவும் கற்றுக்கொடுத்தார். மூன்று தடவை ஊத வேண்டும், அதில் அதிகமானதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாலையில் பெண்களை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தோம். இறால் தடவப் போகும் அக்காவை நோயாளியாக்கினோம். பிடித்த இறாலைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் ஆற்றில் கிடப்பவர், டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"என்ன செய்யுது?"

"இருமல்."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

எல்லாரும் கத்தினார்கள்: "வீடு எங்கன்னு சொல்லு!" இரண்டாம் தடவை வீட்டையும் சொன்னார், ஆற்றில் இறங்கினால் கால் அரிப்பதையும் சொன்னார், பஸ் இல்லாததையும் சேர்த்துச் சொன்னார். பஸ்ஸை மட்டும் விட்டுவிடலாம் என்றோம். முடியாது என்றுவிட்டார்.