ஐ20 என் லைனுக்குப் புது டயர்: மழைக்கு முந்தைய நாட்குறிப்பு

அக்டோபர் 3, 2025

என் ஹூண்டாய் ஐ20 என் லைன் காரின் முன் டயர்களில் பட்டன் ஆழத்தை, அதாவது தரையைத் தொடும் பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழத்தை, இன்று அளந்தேன். இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. பள்ளங்களுக்குள் குறுக்கே தெரியும் சிறு ரப்பர் மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர், தேய்மானம் அதைத் தொட்டால் டயரின் ஆயுள் சட்டப்படி முடிந்தது. ஆனால் தண்ணீரை வெளியேற்றும் திறன் அதற்கு வெகு முன்பே குறைந்துவிடும். 120 குதிரைத்திறனையும் 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் முன் சக்கரங்கள் மட்டுமே தாங்குகிற வண்டியில், வடகிழக்குப் பருவமழை நனைத்த கோத்தகிரி மலைச்சாலையில் ஏற எனக்கு மனம் வரவில்லை. நான்கையும் மாற்றப்போகிறேன்.

அக்டோபர் 6

நண்பர்கள் எல்லோரும் அகலமான டயரைத்தான் சொல்கிறார்கள். கம்பெனி கொடுத்த அளவு 195/55 ஆர்16: அகலம் 195 மில்லிமீட்டர், சைடுவால் எனும் பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். அதன் மொத்த விட்டம் ஏறத்தாழ 621 மில்லிமீட்டர். 205/55 போட்டால் 632 ஆகிவிடும். கியர் விகிதம் கொஞ்சம் நீண்டு, டர்போ தரும் துள்ளல் மந்தமாகும், ஸ்பீடோமீட்டரும் முன்பைவிடக் குறைத்துக் காட்டும். 17 அங்குல ரிம்மில் 215/45 போட்டால் விட்டம் 625தான். ஆனால் சைடுவால் 107 மில்லிமீட்டரிலிருந்து 97 ஆகக் குறைகிறது. நம் சாலைக் குழிகளில் ரிம் அடிவாங்க அந்தப் பத்து மில்லிமீட்டர் போதும்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. காற்றழுத்தமும் எடையும் மாறாதபோது அகலமான டயர் தரையில் பதியும் பரப்பு பெரிதாகக் கூடுவதில்லை. குறுக்கே அகன்று, நீளத்தில் குறுகுகிறது. காய்ந்த தரையில் வளைவெடுக்க அது உதவும். தேங்கிய நீரிலோ, அதே வண்டி இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும். பழைய அளவிலேயே நல்ல ரப்பர் கலவைக்குப் பணம் கொடுப்பதுதான் சரி.

அக்டோபர் 9

பக்கவாட்டில் பொறித்திருப்பவற்றைப் படிக்காமல் டயர் வாங்கக் கூடாது. 87வி என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வரை தாக்குப்பிடிக்கும். தேய்மானத்தைக் குறிக்கும் டிரெட்வேர் எண் கூடக்கூட டயர் நெடுநாள் உழைக்கும் என்று கொள்ளலாம். பிடிமானம் மிகுந்த மென்மையான கலவைகளுக்கு அந்த எண் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். டிராக்‌ஷன், அதாவது பிடிமானத் தரம், 'ஏஏ' என்பது ஈரத்தரையில் நேர்கோட்டில் பிரேக் பிடிப்பதை மட்டுமே அளக்கிறது; கொண்டை ஊசி வளைவில் டயர் எப்படி நடந்துகொள்ளும் என்று அந்த எழுத்து சொல்லாது.

பந்தயத்தளத்துக்கு நெருக்கமான டயர்களையும் யோசித்தேன். அன்றாடம் கோவை அவிநாசி சாலை நெரிசலில் ஊர்ந்து, எப்போதாவது மலையேறும் வண்டிக்கு அவை பொருந்தா. கான்டினென்டல் கம்பெனியின் யுசி6 என்ற டயர் பக்கம்தான் மனம் சாய்கிறது.

அக்டோபர் 13

ஒரு கடையில் எடுத்துக் காட்டிய டயரின் தேதிக் குறியீடு 1422, அதாவது 2022ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். "ஏனுங்க சார், குடோன்லயே இருந்ததுங்க, வெயிலே படல" என்றார் கடைக்காரர். எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் ரப்பர் முதுமையடையும். அதற்குப் புது டயரின் விலையைக் கொடுக்க நான் ஒப்பவில்லை. வேறொரு கடையில் இந்த ஆண்டுச் சரக்காகவே நான்கு யுசி6 சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 18

மாட்டியாயிற்று. இருபக்கமும் வேறு வடிவிலான பட்டன் என்பதால், 'அவுட்சைடு' என்ற எழுத்து வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்த பிறகே பேலன்சிங்குக்கு விட்டேன். வீல் அலைன்மென்ட்டும் முடிந்தது. காற்றை நாளைக் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். புது ரப்பரின் மேற்பூச்சு தேய முதல் சில நூறு கிலோமீட்டராவது ஆகும். அதுவரை கோத்தகிரி வேண்டாம், அவிநாசி வரை போய்வந்தால் போதும்.