பல்லும் பல்லும் தொடாமல் இருக்கப் பழகினேன்

எனக்கு இந்தத் தாடை மூட்டுக் கோளாறு காது வலியாகத்தான் வந்தது. ராமேஸ்வரம் பக்கம் எங்கள் ஊரான தங்கச்சிமடத்தில் காது வலி என்றால் யாரிடமும் ஒரே பதில்தான்: "கடல் தண்ணி போயிருக்கும், இல்லன்னா உப்புக் காத்து." காது டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை, பல் டாக்டரைப் பாருங்கள் என்றார். காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து அழுத்தினால் வலி நெற்றிப்பொட்டு வரை ஏறும். கொட்டாவி விடும்போது அந்த இடத்தில் 'டக்' என்று சத்தம் வருவது வெகுநாளாகவே உண்டு. ஒருநாள் காலையில் சத்தம் நின்றுவிட்டது, கூடவே வாயும் திறக்கவில்லை. இட்லியைக் கிள்ளிக் கிள்ளி உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிந்தால் வாய் ஒழுங்காகத் திறக்கிறது என்று அர்த்தம். எனக்கு ஒன்றரை விரலுக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. ராமநாதபுரத்தில் பல் டாக்டர் ஸ்கேல் வைத்து அளந்து 24 மில்லிமீட்டர் என்று எழுதினார். பெரியவர்களுக்கு 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டுமாம். திறக்கும்போது தாடை இடது பக்கம் கோணிக்கொண்டு போவதைக் கண்ணாடியில் காட்டினார்.

மருந்தைவிடக் கேள்விகள்தான் அதிகம். பாக்கு, பான் மசாலா உண்டா? காரம் பட்டால் வாய் எரிகிறதா? ஞானப்பல் பக்கம் வீக்கம், காய்ச்சல்? எங்காவது அடி, காயம்? பாக்குப் பழக்கத்தில் கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நாராக இறுகிப்போனாலும் வாய் திறக்காது, அது பின்னாளில் புற்றுநோயாகவும் மாறலாம். டெட்டனஸிலும் முதலில் தாடைதான் பூட்டிக்கொள்ளும். கூட வந்த என் மாமியார் வெற்றிலைப் பையை மெல்ல முந்தானைக்குள் தள்ளினார். டாக்டர் அதைக் கவனித்து, அவர் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

எனக்கு அதெல்லாம் இல்லை. தாடை மூட்டில் எலும்புக்கும் எலும்புக்கும் இடையில் மெத்தை போல ஒரு சிறு தட்டு உண்டு. அது முன்னால் நழுவியிருந்து, வாய் திறக்கும்போது இடத்துக்குத் திரும்பினால் 'டக்' சத்தம். திரும்பாமல் அங்கேயே நின்றுவிட்டால் தாடை அதற்கு மேல் இறங்காது. அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்கு உறைத்தது: "சும்மா இருக்கும்போது உங்க பல்லு ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டிருக்குமா?"

நான் மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கவனித்துப் பார்த்தால் எடை போடும்போதும் தொகை கூட்டும்போதும் பற்கள் கட்டிப் பிடித்தபடியே இருக்கின்றன. மெல்லாத நேரத்தில் அவை தொடவே கூடாதாம். இரவுக் கதையை மாமியார் சொன்னார்: "அவன் கடலுக்குப் போன ராத்திரியெல்லாம் நீ பல்லை நறநறன்னு கடிக்கிற." என் கணவர் போகும் விசைப்படகு திங்கள், புதன், சனிதான் கிளம்பும், மறுநாள் காலையில் கரை திரும்பும். அது வரை இங்கே யாருக்குத்தான் நிம்மதியான தூக்கம்?

உதடு மூடியிருக்கலாம், பல் தொடக் கூடாது, நாக்கு நுனி மேல்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் இருக்க வேண்டும். வைத்தியத்தில் பாதி இதுதான், கடினமும் இதுதான். கால்குலேட்டரில் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டிவைத்தேன், கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்த. சாப்பாட்டுக்குப் பின் வலி மாத்திரை சில நாள், காலையும் இரவும் வெந்நீரில் பிழிந்த துண்டால் கால் மணி நேரம் ஒத்தடம்.

சுளுக்கு எடுப்பவர் ஒருவரிடம் போகச் சொல்லாத ஆள் இல்லை. ஒரே இழுப்பில் சரியாகிவிடும் என்றார்கள். டாக்டர் முகம் மாறிவிட்டது. உள்ளே வீங்கிக் கிடக்கும் மூட்டை இழுத்தால் சேதம்தான் கூடும், யாரையும் கை வைக்க விடாதீர்கள் என்றார்.

சாப்பாட்டில் கணவாய், நண்டு, முறுக்கு, பனங்கிழங்கு எல்லாம் போச்சு. பொங்கல் சமயத்தில் ஊரே பனங்கிழங்கைக் கடித்துக்கொண்டிருக்க, நான் கேப்பைக் கூழைக் குடித்துக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்றியது சுறாப் புட்டு. மெல்லவே வேண்டாம், ருசிக்கும் குறைவில்லை.

வலி அடங்கிய பிறகே பயிற்சி. நாக்கை அண்ணத்திலிருந்து எடுக்காமல் முடிந்த மட்டும் திறந்து மூடுவது, ஒரு வேளைக்கு ஆறு தடவை, நாளுக்கு ஆறு வேளை. பிறகு ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையில் சற்று நேரம் வைத்திருப்பது. தாங்கிய பிறகு இன்னொரு குச்சி. இழுவை தெரியலாம், குத்தும் வலி வந்தால் ஒரு குச்சியைக் குறைக்க வேண்டும். பல நாள் அதே எண்ணிக்கையிலேயே நிற்கும், எரிச்சலாக இருக்கும்.

இரவில் பற்களின் மேல் மாட்டிக்கொள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றும் செய்து கொடுத்தார். அதற்கு அச்சு எடுக்கவே வாய் ஓரளவு திறக்க வேண்டும் என்பதால் அது தாமதமாகத்தான் வந்தது. முதலில் எச்சில் ஊறித் தலையணை நனைந்தது. வெந்நீரில் கழுவினால் கோணிவிடும், பச்சைத் தண்ணீர்தான். இதிலெல்லாம் சரியாகாவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்து, ஊசி வழியாக மூட்டைக் கழுவும் சிகிச்சை இருப்பதாகச் சொன்னார். எனக்கு அது தேவைப்படவில்லை.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் நல்ல முன்னேற்றம். கணவர் வீட்டில் இருந்தார், நான் தூங்கினேன். (61 நாள் வருமானம் இல்லாத கவலைக்கு ஏனோ தாடை இறுகவில்லை.) இப்போது இரண்டரை விரலுக்குக் கொஞ்சம் மேலே. கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்கிக்கொள்கிறேன். அடுத்து ஒரு கடைவாய்ப் பல்லை அடைக்க வேண்டியிருக்கிறது. நீண்ட நேரம் வாயைத் திறந்தே வைத்திருக்க முடியாது, நடுநடுவே மூடி ஓய்வெடுக்க விட வேண்டும் என்று டாக்டரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். சரி என்று சீட்டில் குறித்துக்கொண்டார்.