ஏழு கோல் வாங்கிய பிறகு

கால்பந்து அணியை நாமே நிர்வகிக்கும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜரில் ஒரு ஏழை அணியை எடுத்துக்கொண்டு, முதல் வேலையாக 4-3-3 வகுத்தேன்: தற்காப்பில் நால்வர், நடுக்களத்தில் மூவர், முன்களத்தில் மூவர். தற்காப்பு வரிசையை மேலே தள்ளினேன். பந்தை இழந்த நொடியே துரத்திப் பறிக்கச் சொன்னேன். திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் இரண்டு ஆட்டங்களில் ஏழு கோல் வாங்கினோம்.

என் நடுத் தற்காப்பாளர்கள் இருவருக்கும் வேகம் 20-க்கு 8. அவர்களுக்குப் பின்னால் அத்தனை பெரிய வெற்றிடத்தை விட்டுவைத்தால் எதிரணி முன்கள வீரன் ஓடாமல் என்ன செய்வான்? போதாததற்கு, இரண்டு பக்கத் தற்காப்பாளர்களையும் தாக்குதலுக்கு அனுப்பியிருந்தேன். பேராசை, வேறென்ன.

இத்தாலியப் பயிற்சியாளர் அர்ரிகோ சாக்கியின் மிலான் அணி பின்வரிசையை உயர்த்தி ஆடித்தான் 1989, 1990 இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. ஆனால் அந்த வரிசையில் பரேசி, மால்தினி போன்ற உலகத்தரத் தற்காப்பாளர்கள் நின்றார்கள். என்னிடம் இருந்தவர்கள் திரும்பி ஓடத் தொடங்குவதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது.

வரிசையை இறக்கி 4-4-2-க்கு வந்தேன். இடப்பக்கத் தற்காப்பாளர் மட்டும் ஏறலாம். வலப்பக்கத்தவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இடப்பக்க விங்கர், அதாவது ஓரத்தில் ஆடும் வீரர், உள்ளே வெட்டி வருவதால் ஓரம் காலியாகும், ஏறுகிறவருக்கு வழி கிடைக்கும். அவர் விட்டுப்போன இடத்தை நடுக்களத்தில் தற்காப்புப் பணியில் இருப்பவர் மூடுவார். இந்த மூவரையும் ஒத்துப்போக வைக்கவே மூன்று இரவுகள் போயின.

அடுத்த ஆட்டம் 0-0. அதை முழு நீளத்துக்கும் உட்கார்ந்து ரசித்தேன். வீட்டில் ஒருவருக்கும் காரணம் விளங்கவில்லை.