ஆஸ்திரேலியாவில் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுக்கப் போனேன்

குல்மார்க்கில் பனிச்சறுக்கு கற்ற நாளிலிருந்தே, ஒரு முழு சீசன் வெளிநாட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசை. தடையாக நின்றது விசாதான். நாலு மாத வேலைக்கு ஸ்பான்சர் செய்ய முன்வரும் ரிசார்ட்டை நான் கண்டுபிடிக்கவில்லை. வெளிநாட்டுப் பயிற்றுநர்கள் பலர் போகும் ஒர்க்கிங் ஹாலிடே வழியோ (இளைஞர்கள் சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலையும் செய்ய விடும் விசா) இந்திய பாஸ்போர்ட்டுக்கு மூடியே கிடந்தது.

2024 செப்டம்பரில் ஆஸ்திரேலியா அந்தக் கதவைத் திறந்தது. 462 என்ற எண் கொண்ட ஒர்க் அண்ட் ஹாலிடே விசா. வருடத்துக்கு 1,000 பேர், வயது 18 முதல் 30 வரை. முதலில் குலுக்கல். 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டி அக்டோபரில் பதிந்தேன். இரண்டே வாரத்தில் சுமார் 40,000 பேர் பதிந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது நம்பிக்கை போய்விட்டது. ஆனாலும் என் பெயர் வந்தது! வந்த பிறகு விண்ணப்பிக்க 28 நாள்தான். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், கல்லூரிச் சான்றிதழ், கையில் 5,000 டாலர் இருப்பதற்கான வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன். விசா கட்டணம் அப்போது தனியாக 650 டாலர்.

இந்த விசாவில் ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. பனி சீசன் ஜூனில் தொடங்கி அக்டோபர் தொடக்கத்தில் முடிந்துவிடுவதால் அது எனக்கு இடைஞ்சலாகவே இல்லை. மாணவர் விசாவில் இருப்பதுபோல இத்தனை மணி நேரம்தான் என்ற உச்சவரம்பும் இதில் கிடையாது. என்னைப் படுத்தியது அதற்கு நேர்மாறான விஷயம்: வேலை நேரம் போதாமல் போனது.

என் ஒப்பந்தத்தில் 'கேஷுவல்' என்று இருந்தது. அடிப்படை மணிச் சம்பளத்துக்கு மேல் 25 சதவீதம் கூடுதல் என்பதை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கூடுதலே சம்பளத்தோடு கூடிய விடுப்பு இல்லாததற்கும், வேலை நிச்சயமில்லாததற்கும் ஈடாகத்தான் தரப்படுகிறது. ஜூனில் பனி சரியாக விழவில்லை. முதல் வாரம் எனக்குக் கிடைத்தது ஒன்பது மணி நேரம். வாடகை மட்டும் முழுசாகப் போனது. ஜூலை பள்ளி விடுமுறை வந்ததும் வாரத்தில் ஆறு நாள் வகுப்பு.

அதனால் போகிறவர்கள், வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணி நேரம் உறுதி என்று கையெழுத்துக்கு முன் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கான அடிப்படைச் சம்பளமும் நேரமும் 'ஆல்பைன் ரிசார்ட்ஸ் அவார்டு' என்ற ஆவணத்தில் இருக்கின்றன. வேலை விதிகளைக் கவனிக்கும் ஆஸ்திரேலிய அரசு அமைப்பான ஃபேர் ஒர்க்கின் இணையதளத்தில் படிக்கலாம். வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் காலைக் கூட்டமும் பயிற்சியும்கூட வேலை நேரம்தான். தினமும் குறித்து வையுங்கள். ஒரு முறை இரண்டு மணி நேரம் விடுபட்டிருந்தது. என் குறிப்பைக் காட்டியதும் அடுத்த சம்பளத்தில் சேர்த்துவிட்டார்கள்.

அப்புறம், குழந்தைகளோடு வேலை செய்வதற்கான அனுமதிச் சோதனை. அது முடியாமல் என்னைச் சிறுவர் வகுப்புப் பக்கமே விடவில்லை. தொடக்க நிலையில் இருக்கும் பயிற்றுநருக்கு அந்த வகுப்புகள்தான் அதிகம். போய் இறங்கிய வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். வரி எண்ணுக்கும் அப்போதே விண்ணப்பிக்கலாம். முதலாளி இந்த விசாக்காரர்களுக்காக வரித்துறையில் பதிந்திருந்தால் 45,000 டாலர் வரை 15 சதவீதம்தான் பிடிப்பார்கள்.

சூப்பர் என்ற ஓய்வூதியப் பணத்தை நாடு திரும்பி, விசாவும் முடிந்த பிறகு கேட்டு வாங்கலாம். ஆனால் அதில் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.