வீட்டுக்குப் பின்னால் 20 சென்ட்: உழவு நாட்குறிப்பு

ஏப்ரல் 20 (சித்திரை 7)

நேற்று ராத்திரி ஒரு உழவு மழை பெய்தது. ஆலங்குளம் பக்கம் சித்திரையில் இப்படி மழை கிடைப்பதே பெரிது. வீட்டுக்குப் பின்னால் வருஷக்கணக்காகத் தரிசாய்க் கிடந்த 20 சென்ட்டை ஆடிப்பட்டத்துக்குள் காய்கறித் தோட்டமாக்க வேண்டும் என்று, உடைமரங்களை மாசியிலேயே தூரோடு தோண்டி எடுத்தாயிற்று. இந்த ஈரத்துக்குத்தான் காத்திருந்தேன். காய்ந்த செம்மண்ணில் கொழு இறங்காது, மேலோடு கீறிக்கொண்டு போகும். சேறாக இருக்கும்போது வண்டியை இறக்கினாலோ டயர் ஏறிய இடமெல்லாம் இறுகிவிடும். காய்ந்தபின் பாளம் பாளமாகப் பெயரும்.

சாயங்காலம் ஒரு சாண் ஆழத்திலிருந்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். உருண்டையாகி விரலில் ஒட்டியது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டும் உடையவில்லை. நாளைக்கு வெயில் அடித்தால் மறுநாள் பதம் வந்துவிடும். டிராக்டர்கார அண்ணாச்சிக்குச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 22

காலையில் உருண்டை கீழே விழுந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. ஏழு மணிக்கெல்லாம் வண்டி வந்துவிட்டது. 18 எச்.பி. மினி டிராக்டர். பெரிய வண்டியால் தென்னைகளுக்கு நடுவே வளைந்து திரும்ப முடியாது. அதன் கனமும் இந்த மண்ணுக்கு ஆகாது.

அண்ணாச்சி, சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டாவேட்டரை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். "தம்பி, ஒரே ஓட்டுல புழுதியாயிரும். எதுக்கு வீணா நாலு உழவு?" என்றார். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்களாம். வடக்கு மூலையில் மண்ணைக் கிளறி அவருக்குக் காட்டினேன். அடியில் கோரைக்கிழங்கு சரம் சரமாக ஓடுகிறது. ஒரு சரத்தில் முன்னால் இருக்கும் கிழங்கு முளைத்துவிட்டால், பின்னால் உள்ளவை பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். ரோட்டாவேட்டர் கத்தி அந்தச் சரத்தைத் துண்டு துண்டாக வெட்டினால் உறங்கியதெல்லாம் தனித்தனியாக முளைக்கும். புதுத் தரிசில், அதுவும் கோரை மண்டிய இடத்தில், முதல் உழவுக்கே ரோட்டாவேட்டர் போடுவது களையை நாமே நடவு செய்வதுதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

"சரி, உங்க இஷ்டம்" என்று திரும்பிப் போய் ஐந்து கொத்துக் கலப்பையை மாட்டிக்கொண்டு வந்தார். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே லேசாகச் சரிகிறது. அதனால் தெற்கு வடக்காக, சரிவுக்குக் குறுக்கே ஓட்டச் சொன்னேன். அடுத்த மழைத் தண்ணீர் கலப்பை கீறிய சாலுக்குள் நின்று இறங்கட்டும். தென்னை மரத்தைச் சுற்றி 6 அடிக்குள் கலப்பை வரவில்லை. மரம் சாப்பிடும் வேரெல்லாம் அந்த வட்டத்தில்தான் அதிகம்.

சாலில் குச்சியை விட்டு அளந்தால் 4 அங்குலம். முதல் உழவுக்கு இது போதும். இறுகிய தரிசில் ஒரே மூச்சில் ஆழமாய் இறக்கினால் சின்ன வண்டி திணறும், முன் சக்கரம் தூக்கும். தெற்கு ஓரத்தில் விட்டுப்போன ஒரு உடைமர வேரில் கொழு மாட்டியது. அண்ணாச்சி உடனே நிறுத்தி, கலப்பையைத் தூக்கி, வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார். வேரை வெட்டி எடுத்த பிறகுதான் மறுபடி ஓட்டினார். அவசரப்படாத கை அவருக்கு.

மே 1

இரண்டாம் உழவு. இந்த முறை கிழக்கு மேற்காக. போன உழவில் சாலுக்குச் சால் உழாமல் நின்ற மண் இப்போது பெயர்ந்தது. ஆழம் 6 அங்குலத்தைத் தாண்டியது. 'அகல உழுவதைவிட ஆழ உழு' என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். ஆழத்தை இப்படிப் படிப்படியாகத்தான் எட்ட முடிகிறது.

வண்டிக்குப் பின்னாலேயே மைனாக்களும் கொக்குகளும் இறங்கிவிட்டன. வேர்ப்புழுவும் கூட்டுப்புழுவும் மேலே வந்து விழ விழப் பொறுக்கின. மருந்து அடித்துக் கொல்ல வேண்டியதை ஒரு கோடை உழவு செலவில்லாமல் முடித்துத் தருகிறது. கோடை உழவை ஏன் பலரும் விட்டுவிட்டார்கள் என்று வருத்தமாக இருக்கிறது.

அம்மாவும் நானும் வெயில் ஏறும்வரை கோரைக்கிழங்கு பொறுக்கினோம். முதல் உழவில் மேலே வந்தவை கறுத்துச் சுருங்கி இருந்தன. நசுக்கினால் உள்ளே உயிரில்லை.

மே 18

மறுபடி மழை. மூன்றாம் உழவு போட்ட கையோடு, வளர்ந்ததும் மடக்கி உழுது தழையுரமாக்க 4 கிலோ தக்கைப்பூண்டு விதைத்தோம். ஏக்கருக்கு 20 கிலோ கணக்கு. பற்றாத தண்ணீருக்குக் கிணறு இருக்கிறது.

ஜூலை 2

தக்கைப்பூண்டு இடுப்புக்கு மேல் நிற்கிறது. மொட்டு விடத் தொடங்கிவிட்டது. இதற்கு மேல் விட்டால் தண்டு நாராகி மட்கத் தாமதமாகும். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுக்க முடிச்சு. கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. தழைச்சத்து சேர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இன்றைக்கு ரோட்டாவேட்டர் போடச் சொன்னேன். அண்ணாச்சி சிரித்துவிட்டார். பச்சையை நறுக்கி மண்ணோடு கலக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. அதற்கான நேரம் இதுதான். கோரை இன்னும் முளைக்கிற வடக்கு மூலையை மட்டும் விட்டுவிட்டு ஓட்டினார். அங்கே தழையை அரிவாளால் அறுத்து அப்படியே பரப்பினோம்.

ஜூலை 16

நாளை ஆடி பிறக்கிறது. கிளறினால் பச்சை வாடை போய் மண்வாசனைதான் வருகிறது. தழை நன்றாக மட்கிவிட்டது. மண்வெட்டியால் பார் பிடித்து, வெண்டை, கொத்தவரை விதைகளை நேராக ஊன்றப் போகிறோம். ஜூனில் நாற்று விட்ட கத்தரி பறித்து நட ரெடியாக நிற்கிறது. வடக்கு மூலையில் இந்தப் பட்டத்துக்கு எதுவும் வைக்கப் போவதில்லை. அந்த 2 சென்ட்டுக்கு அடுத்த சித்திரையில் இன்னும் இரண்டு உழவு வேண்டும், அண்ணாச்சியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.