176 எங்கிருந்து வந்தது? குடியரசுத் தலைவர் பாடத்தைப் படித்த அனுபவம்

குரூப் 2 தேர்வுக்கு முதல்முறை தயாரானபோது, இந்திய அரசியலமைப்பில் குடியரசுத் தலைவர் பற்றிய பிரிவுகளை நான் படிக்கவில்லை, ஒப்பித்தேன். 54 என்றால் தேர்தல், 58 என்றால் தகுதி, 61 என்றால் பதவிநீக்கம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். பிறகு ஒரு மாதிரித் தேர்வில், நியமன உறுப்பினர்கள் குடியரசுத் தலைவரின் தேர்தல், பதவிநீக்கம் ஆகியவற்றில் எதில் பங்கேற்கலாம் என்று கேட்டிருந்தார்கள். 'எதிலும் இல்லை' என்ற வட்டத்தைக் கருமையாக்கிவிட்டு நிம்மதியாக அடுத்த வினாவுக்குப் போய்விட்டேன். தவறு.

அன்று இரவே நோட்டில் ஒரு பக்கத்தை 'யார் உள்ளே, யார் வெளியே' என்பதற்காக ஒதுக்கினேன். மாநிலங்களவையின் 12 நியமன உறுப்பினர்களுக்குக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இல்லை. ஆனால் அவரை நீக்கும் தீர்மானத்தில் வாக்களிக்கலாம். குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலிலும் வாக்களிக்கலாம். சட்டமன்ற உறுப்பினர் இதற்கு நேர் எதிர்: தேர்ந்தெடுப்பார், நீக்க முடியாது. சட்ட மேலவை உறுப்பினருக்கு இரண்டிலுமே இடமில்லை. டெல்லி, புதுச்சேரி சட்டமன்றங்கள் 1992ஆம் ஆண்டின் 70வது திருத்தத்தால் உள்ளே வந்தன. காரணம் தெரிந்தால் குழப்பம் வராது. பதவிநீக்கம் முழுக்க நாடாளுமன்றத்துக்குள் நடப்பது. அங்கே அவையின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மொத்தம் என்றால் நியமன உறுப்பினரும் சேர்த்தி.

அடுத்தது வாக்கு மதிப்பு, அதாவது குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒருவர் போடும் வாக்கு எத்தனை வாக்குகளாக எண்ணப்படும் என்பது. இங்கேதான் பலர் சூத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். தயவுசெய்து ஒருமுறையாவது காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. அதை 234ஆல் வகுத்து, வருவதை 1000ஆல் வகுத்தால் 176. நம் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு அதுதான். மாநிலத்தின் மொத்த மதிப்பு 234 × 176 = 41,184. உத்தரப் பிரதேசத்தில் ஒரு வாக்கு 208, சிக்கிமில் 7. கையால் வகுத்த பிறகு இந்த எண்களை நான் மறந்ததே இல்லை.

வகுக்கும்போதே ஒரு கேள்வி எழ வேண்டும்: ஏன் இன்னமும் 1971? மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதனாலேயே பலம் இழக்கக் கூடாது என்பதற்காக. 1976இல் 42வது திருத்தம் அந்தக் கணக்கை நிறுத்திவைத்தது. 2001இல் 84வது திருத்தம், 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும்வரை அதை நீட்டித்தது. தொகுதி மறுவரையறை பற்றிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். இரண்டும் ஒரே வேரில் நிற்பவை.

நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 708 என்று என் பழைய வழிகாட்டி நூல் சொன்னது. 2017க்கு அது சரி. 2022 தேர்தலின்போது ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றம் இல்லாததால் அது 700 ஆனது. சட்டமன்றங்களின் மொத்த மதிப்பான 5,43,231ஐத் தேர்ந்தெடுக்கப்பட்ட 776 நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பங்கிட்டால் கிடைப்பது அது. எண்ணை எழுதினால் பக்கத்திலேயே ஆண்டையும் எழுதுங்கள்.

வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிக்கும் இந்தத் தேர்தல் முறைக்கு 'ஒற்றை மாற்று வாக்கு மூலம் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம்' என்று பெயர். அந்தத் தொடர் எனக்கு வெறும் நாக்குப் பயிற்சியாகவே இருந்தது, 1969 தேர்தலைப் படிக்கும்வரை. ஜாகீர் உசேன் பதவியில் இருக்கும்போதே மறைந்ததால் வந்த தேர்தல் அது. வி.வி. கிரியும் நீலம் சஞ்சீவ ரெட்டியும் மோதினார்கள். வெற்றிக்குத் தேவை 4,18,169. முதல் விருப்ப வாக்குகளில் முன்னிலை வகித்த கிரிக்குக் கிடைத்ததோ 4,01,515. மற்ற வேட்பாளர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய வாக்குச்சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பங்களைச் சேர்த்த பிறகே 4,20,077 பெற்று வென்றார். ஒரே ஒரு இடத்துக்கான தேர்தலில் விகிதாச்சாரம் எங்கே வந்தது என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்விதான். பெயர் கொஞ்சம் பெரிதாக வைத்துவிட்டார்கள். ஆனால் விடைத்தாளில் அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும்.

மீதியெல்லாம் ஒரு மாலையில் முடியும். வேட்பாளருக்குக் குறைந்தபட்ச வயது 35, முன்மொழிய 50 பேர், வழிமொழிய 50 பேர், வைப்புத்தொகை 15,000 ரூபாய். மரணம், ராஜினாமா, நீக்கம் ஆகியவற்றால் பதவி காலியானால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். தேர்தல் தகராறுகளை விசாரிப்பது உச்ச நீதிமன்றம் மட்டுமே. இரண்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் ராஜேந்திர பிரசாத் ஒருவரே. கிரியிடம் தோற்ற அதே சஞ்சீவ ரெட்டி 1977இல் போட்டியின்றித் தேர்வானார். பொருத்துக வினாவில் இந்த இரண்டு ஆண்டுகளையும் மாற்றிப் போட்டு நான் இன்னொரு மதிப்பெண்ணையும் விட்டிருக்கிறேன்.