இயாய்தோ விளிம்பில் ஒரு பள்ளம்

மார்ச் 4

எதிரெதிரே நின்று செய்த பயிற்சியில் இரண்டு இயாய்தோக்கள் (கூர் தீட்டாத ஜப்பானியப் பயிற்சி வாள்கள்) மோதிக்கொண்டன. ஒன்றின் விளிம்பில் பள்ளம். நுனியிலிருந்து ஒரு சாண் கீழே, மோனோஉச்சி எனப்படும் வெட்டுப்பகுதியில். ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் ஒரு பக்கம் உலோகம் பிதுங்கிப் பிசிறாக நிற்கிறது. பள்ளத்தால் ஆபத்தில்லை. பிசிறையும், அடியின் அதிர்வு கைப்பிடிக்குள் என்ன செய்தது என்பதையும்தான் பார்க்க வேண்டும்.

காந்தம் ஒட்டவில்லை. அப்படியானால் துத்தநாக-அலுமினியக் கலவை வார்ப்பு, மேலே முலாம். ஜப்பானில் பயிற்சிக்கு விற்பவை பெரும்பாலும் இவையே. எஃகு வாளுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுச் சான்று வேண்டும்.

கலவை வாளைச் சாணைக்கல் பக்கமே கொண்டுபோகக் கூடாது. முலாம் போய்விடும், கூரும் நிற்காது. பிதுங்கலைச் சுத்தியலால் தட்டி அமுக்குவது அதைவிட மோசம். வார்ப்பு உலோகம் வளைந்து கொடுக்காது, விண்டுவிடும். (மோதும் பயிற்சிக்கு மரவாள் இருக்கிறதே! கலவை வாள் அதற்கென்று செய்யப்படவில்லை.)

மார்ச் 5

விரிசல் சோதனை. மெகுகி என்ற மூங்கில் ஆணி ஒரு பக்கம் சிறுத்திருக்கும். சிறுத்த முனையிலிருந்து தட்டினால்தான் வெளியே வரும். மறுபக்கம் தட்டினால் இறுகிப்போகும். ஆணியின் நடுவில் நசுங்கல் தெரிந்தது, மூங்கில் நார் பிரியத் தொடங்கியிருந்தது. மாற்றியாக வேண்டும்.

கைப்பிடியையும் காவல் தகட்டையும் கழற்றிய பிறகு ஹபாகி என்ற கழுத்துப்பட்டை. அதை உருவிவிட்டுப் பார்க்க வேண்டிய இடம், அலகு சட்டென்று ஒடுங்கி, கைப்பிடிக்குள் செல்லும் நகாகோவாக மாறும் அந்தக் கூர்மூலை. ஒடிகிற வாள் பெரும்பாலும் அங்கேதான் ஒடியும். மெல்லிய எண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, கொஞ்ச நேரம் விட்டு விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் விரிசல் இருக்கும் இடத்தில் எண்ணெய் முடிபோலக் கோடாகக் கசியும். கசியவில்லை. பள்ளத்தின் அடியிலும் அதே சோதனை, அங்கும் சுத்தம். கோடு தெரிந்திருந்தால் அந்த வாள் சுவரில் மாட்டத்தான். வீசும்போது ஒடிந்தால் துண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மார்ச் 7

பிசிறு எடுத்தல். பள்ளத்தின் இரு பக்கமும் முலாம் கீறாமலிருக்க ஒட்டுநாடா. பிசிறு மட்டும் வெளியே தெரிய வேண்டும். 1000 எண் நீர் உப்புத்தாளைத் தட்டையான சிறு மரக்கட்டையில் சுற்றி, நனைத்து, விளிம்பின் நீளவாக்கில் மட்டும் மெல்லத் தேய்ப்பு. குறுக்கே தேய்த்தால் முலாம் உரியும். பள்ளம் மறையும்வரை தேய்க்க ஆசைப்படக் கூடாது; பிசிறு போனதும் நிறுத்த வேண்டும்.

பஞ்சை வாளின் முதுகிலிருந்து விளிம்பு நோக்கி இழுத்தால் இழை சிக்கக் கூடாது. முதலில் இரண்டு இழை தொங்கின. இன்னும் சில இழுப்பு, பிறகு 2000. இப்போது பஞ்சு வழுக்கிப் போகிறது.

முலாம் போன இடம் சாம்பல் நிறம். செந்துரு வராது, ஆனால் வியர்வை பட்டால் வெள்ளைப் பூப்பு வரும். துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும். உச்சிகோ என்ற மெருகுப் பொடி வேண்டாம், அது எஃகுக்கு. இங்கே முலாமைத்தான் அராவும்.

மார்ச் 8

உறையைக் கவிழ்த்துத் தட்டியதில் ஹோனோகி மரத்தூள் கொட்டியது. பிசிறோடு ஒருமுறை உறையில் போட்டிருக்கிறார்கள். உறைவாயில் ஆழமான கீறல் இல்லை. ஹபாகி தளர்ந்திருந்தால் உள்வாயில் மெல்லிய மரச்சீவலை ஒட்டலாம். அங்கே ஜப்பானியக் கைவினைஞர்கள் சோற்றுப்பசையைத்தான் நம்புவார்கள். பிறகு உறையைப் பிளந்து சுத்தம் செய்ய அது இடம் கொடுக்கும்.

புதிய மூங்கில் ஆணி போட்டாயிற்று. வாளை வீசிப் பார்த்ததில் கடகட சத்தம் இல்லை.

மார்ச் 11

இதே அடி எஃகு வாளில் பட்டிருந்தால்? விளிம்பு உடைந்தால் ஹகோபோரே, மடிந்தால் ஹமகுரே. பள்ளத்தை மட்டும் தேய்க்க முடியாது. முழு விளிம்பையும் அதன் ஆழத்துக்கு இறக்க வேண்டும். கடினப்படுத்திய ஹமோன் பட்டை அந்த அளவு குறுகும். வீட்டுக் கல்லில் தொடாமல் தீட்டுநரிடம்தான் கொடுக்க வேண்டும். விளிம்பிலிருந்து குறுக்கே ஓடும் முடிபோன்ற விரிசல் ஹகிரே. அது தெரிந்தால் தீட்டக் கொடுப்பதும் வீண் செலவு.